ஒன்பது நிமிடத்தில் எடுத்த கதவுகள்

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. இன்னும் என்னால் அரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் நல்லாங்குளம் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன், டீ குடிக்கிறேன், பேப்பரைப் புரட்டுகிறேன், மறுபடி எழுந்து வாசலுக்கு வந்துவிடுகிறேன். "இந்த மனுசன் கால்ல சக்கரத்த கட்டிகினு பொறந்துட்டாரு" என்று என் மனைவி சரோஜா பக்கத்து வீட்டில் சொல்கிறாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொல்கிறாள்.

போன மாதம் மில்லிலிருந்து தினகரன் வந்திருந்தான். நான் பார்த்த, பலகை அழுத்தும் பிரஸ் வேலையை இப்போது அவன்தான் பார்க்கிறான். மில்லை நடத்துகிற மேடம் பொறுப்பிலிருந்து விலகப் போகிறாராம். விழா எடுக்கிறார்கள், மலர் போடுகிறார்கள்.

"அண்ணா, மேடம் கூட முதல் நாள்லேர்ந்து இருந்தவரு நீங்கதான். இந்த ரோட்ல மூடிக் கெடந்த மில்லுங்கள எப்படித் தொறந்தாங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க."

ஒத்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால் வரவில்லை. மூன்று முறை கிழித்துப் போட்டேன். என்னைப் பற்றிய ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு மேடத்தைப் பற்றி எழுத முடியாது என்று பிறகுதான் புரிந்தது. மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, எழுதிவிடுகிறேன்.

நான் முனிரத்தினம். பத்தாவதில் கணக்கில் தவறி, திருத்தணியிலிருந்து சித்தூர் போகும் சாலையில் இருந்த பிளைவுட் மில்லில் கட்டை இறக்கச் சேர்ந்தேன். அடுக்குதல், காய வைத்தல், அறுத்தல் என்று ஒவ்வொரு வேலையாக நகர்ந்து பிரஸ்ஸுக்கு வந்து சேர நான்கு வருடம் ஆனது. கற்றுக்கொண்டது எல்லாம் அடிபட்டுத்தான். இடது கை சுண்டுவிரல் நுனி இல்லாததும் அந்தக் காலத்தில்தான்.

பிளைவுட் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரக்கட்டையை வேகவைத்து, மிஷினில் சுழலவிட்டு, பென்சில் சீவுகிற மாதிரி மெல்லிய தகடாக உரிப்பார்கள். அதற்கு வினீர் என்று பேர். அதைக் காய வைத்து, பசை தடவி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, பிரஸ்ஸில் வைத்துச் சூடும் அழுத்தமும் கொடுத்தால் பலகை ஆகும். கதவும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். பசை நன்றாகக் கலந்திருந்தாலும் பிரஸ்ஸில் வேகவில்லை என்றால் ஒட்டாது. வெந்ததா இல்லையா என்பது வெளியே பார்த்தால் தெரியாது. அடுப்பில் சோறு வெந்ததா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்கலாம். கதவை நசுக்கிப் பார்க்க முடியாது.

எங்கள் மில்லும் அதே சாலையில் இருந்த மற்ற ஐந்து மில்களும் காட்டிலிருந்து வரும் பெரிய கட்டைகளை நம்பி ஓடியவை. காட்டு மரம் வெட்டக் கூடாது என்றான பிறகு கட்டை வருவது நின்றுபோனது. மூன்று மில்கள் மூடிவிட்டன. எங்கள் முதலாளி வயதானவர். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஓட்டினார். கிடைத்த மரத்தை, ஈரம்கூடக் காயாமல், கதவாக்கி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அப்படி ஒரு லோடு கதவுகளோடு நான் சென்னைக்குப் போனபோதுதான் மேடத்தை முதலில் பார்த்தேன். அடுக்குமாடி கட்டும் ஒரு கம்பெனியில் சாமான் வாங்கும் பொறுப்பில் இருந்தார். பேர் விசாலாட்சி. அரக்கோணத்து ரயில்வே குடும்பத்துப் பெண். லாரியிலிருந்து இறக்கிச் சாத்திய கதவுகளை ஒவ்வொன்றாகச் சாவிக்கொத்தின் அடிப்பக்கத்தால் தட்டிக்கொண்டே வந்தார். மேலே, நடுவில், கீழே. தட்டிவிட்டுக் காதைக் கிட்டக் கொண்டுபோவார். பாதிக் கதவுகளைக்கூடத் தாண்டவில்லை, நின்றுவிட்டார்.

"இதுல பிரஸ் ஓட்டறது யாருங்க?"

"நான்தான் மேடம்."

"நீங்க தட்டிப் பாருங்க."

தட்டினேன். உள்ளே ஒட்டாமல் பொள்ளலாகக் கேட்டது. அடுத்ததைத் தட்டச் சொன்னார். அதுவும் அப்படித்தான்.

"இத உங்க வீட்டுக்கு மாட்டுவீங்களா?"

கதவுகளை மறுபடி ஏற்றினேன். லாரி அப்படியே திரும்பியது.

அதே மேடம் ஆறு மாதம் கழித்து எங்கள் மில் வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தார். வேலையை விட்டுவிட்டு, முதலாளியோடு பேசி, மில்லைப் பொறுப்பெடுத்துக்கொண்டாராம். கதவைத் திருப்பி அனுப்பிய ஆளே கதவு செய்ய வந்தால் எப்படி இருக்கும்! எங்களில் பாதிப் பேர் சிரித்தோம். பசை கலக்கும் நாகபூஷணம் மட்டும் சிரிக்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், நகரி போகும் வழியில் ஒரு கிராமத்துக்காரன். வீட்டில் தெலுங்கு, மில்லில் தமிழ். உறவு எதுவும் இல்லாவிட்டாலும் என்னைப் பாவா, அதாவது மச்சான், என்றுதான் கூப்பிடுவான். "பாவா, வாங்கறவங்களுக்குத்தான் குறை தெரியும். இந்தம்மா பண்ணுவாங்க பாரு" என்றான்.

மேடம் முதல் ஒரு மாதம் மிஷினைத் தொடவே இல்லை. என்னையும் நாகபூஷணத்தையும் கூட்டிக்கொண்டு ஆர்.கே.பேட்டை பக்கம் ஊர் ஊராக அலைந்தார். யாருடைய கொல்லையில் தைலமரம் நிற்கிறது, எல்லை தாண்டினால் யார் பழைய மாந்தோப்பை அழிக்கிறார்கள் என்று விசாரித்தார். விவசாயிகளிடம் வரப்பில் உட்கார்ந்து மலைவேம்பு நடச் சொல்லிக் கேட்பார். "ஆறேழு வருசம் யாருங்க காத்துகினு இருக்கறது?" என்பார்கள். "நான் காத்துகினு இருக்கேன். நீங்க வரப்போரத்துல மட்டும் வெச்சுப் பாருங்க" என்பார். திரும்பும்போது பஸ்ஸில் தூங்கமாட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து தெரிகிற மரத்தையெல்லாம் பேர் கேட்டுக்கொண்டே வருவார்.

ஒல்லிக் கட்டையை எங்கள் பழைய மிஷினால் உரிக்க முடியாது. நடுவில் குத்திப் பிடித்துச் சுழற்றும் மிஷின் அது, பாதிக் கட்டை வீணாகும். வெளிப்பக்கம் உருளைகளால் பிடித்துச் சுழற்றும் மிஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். கைத்தடி பருமனுக்கு வரும்வரை உரித்தது. அதைப் பார்த்த அன்றுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

பிறகு மற்ற ஐந்து மில்காரர்களையும், மூடிக் கிடந்தவர்களையும் சேர்த்து, தேடிப் போனார். ஒருவர் உரிக்கட்டும், ஒருவர் காய வைக்கட்டும், அழுத்துவதும் பரிசோதனையும் எங்கள் மில்லில், ஆர்டர் எல்லோருக்கும் பொது. ஐந்து பேரும் வருடக்கணக்காக விலையில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். அவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்க அவருக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. வினீர் ஒட்டுப்போடப் பொதட்டூர்பேட்டையிலிருந்து தறி வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டார். அறுந்த நூலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வினீரின் கீறல் தப்பவில்லை. சாலையில் மறுபடியும் லாரிகள் நிற்க ஆரம்பித்தன. டீக்கடை நான்கானது.

மேடம் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. எல்லோரையும் வாங்க போங்கதான். ஆனால் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நகரமாட்டார். அந்த நிற்றல்தான் எங்களுக்குப் பயம். பிரஸ் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்தார். ஒவ்வொரு முறையும் சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று நான் எழுத வேண்டும். கதவுக்குப் பன்னிரண்டு நிமிடம். பிறகு கொதி சோதனை. ஒரு கதவின் ஓரத்திலிருந்து விரல் அளவு துண்டு வெட்டி, கம்பியில் கட்டி, கொதிக்கிற தண்ணீரில் எட்டு மணி நேரம் போட்டு எடுத்து உளியால் நெம்பிப் பார்ப்போம். மரம் சிராய் சிராயாகக் கிழிந்து வந்தால் ஒட்டு நல்லது. புத்தகத்தில் பக்கம் பிரிகிற மாதிரி வழுவழுப்பாகப் பிரிந்தால் கதவு குப்பைக்கு.

இனி நான் எழுதாமல் கிழித்துப் போட்டதற்கு வருகிறேன்.

பெண்கள் விடுதி ஒன்றிலிருந்து குளியலறைக் கதவுகளுக்கு ஆர்டர் வந்தது. ஆறு மில்லும் சேர்ந்து எடுத்த முதல் பெரிய ஆர்டர். ஆடிக் கிருத்திகைக்கு முன் லோடு போயாக வேண்டும். காவடிக் கூட்டம் வர ஆரம்பித்தால் எங்கள் ஊரில் லாரி நகராது என்று எல்லோருக்கும் தெரியும். "முடியலன்னா முன்னாடியே சொல்லிடுங்க முனிரத்தினம், நான் அவங்ககிட்ட பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு மேடம் சென்னைக்குப் போயிருந்தார். அதை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

முந்தின நாள் மழையில் பாய்லர் விறகு நனைந்துவிட்டது. மதியத்துக்கு மேல் நீராவி இறங்கிக்கொண்டே போனது, தகடு சூடேறவில்லை. சூடு குறைந்தால் நேரத்தைக் கூட்ட வேண்டும். பன்னிரண்டைப் பதினைந்தாக்க வேண்டும். எனக்குத் தெரியாததல்ல. லாரி வாசலில் நிற்கிறது. இன்னும் நாற்பது கதவு பாக்கி. போனைக் கையில் எடுத்தேன். "முடியல மேடம்" என்ற வார்த்தை வாயில் வரவில்லை. சென்னையில் சாவிக்கொத்தோடு என் எதிரே நின்ற ஆளிடம் அதைச் சொல்லக் கூடாது என்று ஒரு வீம்பு. போனை வைத்துவிட்டு, பிரஸ்ஸை ஒன்பது நிமிடத்தில் திறந்தேன். அடுத்ததும் ஒன்பது. நாற்பதும் ஒன்பது. நோட்டில் சூடு சரியாக இருந்ததாகப் போட்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு என்று எழுதினேன். கொதி சோதனைக்கு வெட்டிய துண்டு, காலையில் நீராவி நன்றாக இருந்தபோது எடுத்த கதவிலிருந்து.

லோடு போய்ச் சேர்ந்தது. மேடம் எல்லோருக்கும் நன்றி சொன்னார்.

இரண்டு மாதம் கூட ஆகவில்லை. விடுதியிலிருந்து போன் வந்தது. கதவுகள் ஊதிவிட்டன. ஒரு பெண் குளித்துக்கொண்டிருக்கும்போதே கதவின் மேல்தகடு பிரிந்து சரிந்துவிட்டதாம். அந்தப் பெண் ஒரு வாரம் வகுப்புக்கே போகவில்லை என்று வார்டன் சொன்னாராம்.

மற்ற மில்காரர்கள் வந்து குதித்தார்கள். மேடம் என் நோட்டை எடுத்துப் பார்த்தார். சூடு சரி, பன்னிரண்டு சரி. அப்படியானால் பசை. நாகபூஷணம் முன்பொரு தரம் பசையில் செலவு குறைய மைதா மாவைக் கூடுதலாகப் போட்டு மாட்டியிருக்கிறான். பழைய முதலாளி காலத்தில், அவர் சொல்லித்தான் போட்டான். ஆனால் அது எல்லோருக்கும் நினைவிருந்தது.

எல்லோர் எதிரிலும் மேடம் கேட்டார். "மாவு போட்டீங்களா?"

"இல்லீங்க மேடம். சத்தியமா இல்ல." அவன் என் பக்கம் திரும்பினான். "பாவா, நீ சொல்லு. நீதான பக்கத்துல இருந்த. அன்னிக்குப் பசை எப்படி இருந்துச்சு?"

பசை நன்றாக இருந்தது. நான் தொட்டுப் பார்த்திருந்தேன்.

"நான் கவனிக்கல" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். மேடம், "நாளையிலேர்ந்து வர வேணாங்க" என்றார். கையைக் கழுவக்கூட இல்லை, பசை ஒட்டின கையோடே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

நான்கு நாள் போனது. ஐந்தாம் நாள் விடுதியிலிருந்து ஒரு கதவைத் திருப்பி எடுத்துவந்து, வினீர் மேசை மேல் படுக்கவைத்தார்கள். மேடம் என்னிடம் உளியைக் கொடுத்தார். நெம்பினேன். வழுவழுப்பாகப் பிரிந்தது. மேடம் குனிந்து பசைக் கோட்டை நகத்தால் சுரண்டினார். உதிரவில்லை, பிசுபிசுவென்று நகத்தில் ஏறியது.

"மாவு அதிகமானா பொடியாத்தான உதிரும்? இது வேகாத மாதிரி இருக்கு. பன்னெண்டு நிமிசம் வெந்தது எப்படிங்க இப்படி இருக்கும்?"

என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கேட்டுவிட்டு வழக்கம்போல நின்றார். சுற்றிலும் பொதட்டூர்பேட்டைப் பெண்கள் கையில் வினீரோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒம்போது நிமிசம் மேடம்" என்றேன்.

"என்ன?"

"ஒம்போது நிமிசத்துல எடுத்தேன். நோட்ல பன்னெண்டுன்னு எழுதுனேன். பசை நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. முகம் வெளுத்துப்போய் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "நாகபூஷணம் வீடு உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

காரில் போனோம். நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே போனேன், குதித்து ஓடிவிடுபவன் மாதிரி. அவன் வீட்டு வாசலில் அவனுடைய அம்மா கோடையில் உப்பில் போட்ட மாங்காயை மறுபடி வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். அவன் மனைவி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். நாகபூஷணம் லுங்கியோடு வந்து நின்றான், உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

மேடம் நின்றபடியே பேசினார். "நாகபூஷணம், நான் தப்புப் பண்ணிட்டேன். நோட்டப் பார்த்தேன். உங்களச் சரியா விசாரிக்கல. எல்லார் எதிர்லயும் உங்கள அசிங்கப்படுத்திட்டேன். மன்னிச்சுக்குங்க."

அந்த அம்மாவுக்குத் தமிழ் அவ்வளவு வராது. "ஏமண்டுந்தி நைனா ஆமெ?" என்று, அவர் என்ன சொல்கிறார் எனத் தெலுங்கில் மகனைக் கேட்டாள்.

தன்னிடம் கேட்ட மன்னிப்பை அவனே தெலுங்கில் தன் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பாதி சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. மீதியை மேடமே தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் சொல்லி முடித்தார். அந்த அம்மா எழுந்து உள்ளே போய் மேடத்துக்கு மட்டும் மோர் கொண்டுவந்தாள்.

நான் முன்னால் வந்து, "தப்பு என்னுதுப்பா" என்றேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. மேடத்திடம்தான் பேசினான்.

"வரேங்க. ஆனா ஒண்ணு. இனிமே ஒவ்வொரு கதவுலயும் பசை போட்டவன் பேரும் அழுத்துனவன் பேரும் எழுதணும். கீல் வர்ற ஓரத்துல பென்சில்ல எழுதுனா போதும். நோட்டு எனக்கு வேணாம்."

"சரிங்க" என்றார் மேடம். அடுத்த நாளே ஆரம்பித்தது. இன்று வரை ஆறு மில்லிலும், இல்லை, ஐந்து மில்லிலும் அப்படித்தான். ஒரு மில்காரர் இந்த விவகாரத்தில் கோபித்துக்கொண்டு விலகிப் போய்விட்டார். மற்ற மில்காரர்கள் கூட்டத்தில் மேடம் எழுந்து, "தப்பு எங்க மில்லுல நடந்துச்சு. கதவு எல்லாத்தையும் மாத்திக் குடுப்போம்" என்றார். என் பேரைச் சொல்லவில்லை. நானே எழுந்து சொன்னேன்.

என்னை என்ன செய்வது என்று அவர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு கூப்பிட்டு, "உங்கள அனுப்பிட்டா எனக்கு நல்லா அழுத்தற ஆள் போயிடுவார். இப்பவே அங்க வெச்சிக்கிட்டா மத்தவங்க நம்பிக்கை போயிடும். ஒரு வருசம் பிரஸ் பக்கம் வராதீங்க. விடுதிக்குப் போங்க" என்றார்.

விடுதிக்குப் போனேன். வார்டன் அம்மாவிடம் நடந்ததை நானே சொன்னேன். "எம் பொண்ணுங்க என்ன பாடுபட்டாங்க தெரியுமா?" என்று கேட்டார். கெட்டது நாற்பது கதவுதான், ஆனால் எது எது என்று தெரியாது. மாட்டியிருந்த அத்தனையையும் கழற்றி, புதிதை மாட்டினேன். பெண்கள் வகுப்புக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் மூன்று வாரம் பிடித்தது.

மீதி மாதங்கள் வேறு வேலை பார்த்து, ஒரு வருடம் கழித்துப் பிரஸ்ஸுக்குத் திரும்பினேன். நாகபூஷணத்தின் பேரும் என் பேரும் பக்கம் பக்கமாக எத்தனை கதவுகளில் இருக்கின்றனவோ, கணக்கில்லை. வேலையில் ஒரு குறையும் வைக்கமாட்டான். பசை தயாரானதும், "முனிரத்தினம், வாங்க பாருங்க" என்பான். பாவா என்று அதன் பிறகு அவன் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

வரப்போரத்தில் வைத்த மலைவேம்பு வெட்டுக்கு வந்தது. ஆர்.கே.பேட்டையில் இப்போது கொல்லை முழுக்க வைக்கிறார்கள். மேடத்துக்குச் சால்வை போட்டார்கள், பேப்பரில் படம் வந்தது. செத்துக் கிடந்த தொழிலை எழுப்பியவர் என்று எழுதினார்கள். உண்மைதான். ஆனால் எனக்கு அவர் என்றால், அந்த மாங்காய் காயும் வாசலில் நின்றுகொண்டு தெலுங்கு வார்த்தை தேடித் தடுமாறியவர்தான்.

நான் ஓய்வு பெற்ற அன்று, ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்ட நாகபூஷணம் ஊரிலிருந்து வந்திருந்தான். மாலை நான்கு மணி. மாலையும் பையுமாக நானும் அவனும் மில் எதிரே பஸ்ஸுக்கு நின்றோம். அவனுக்கு நகரி பஸ், எனக்கு ஊருக்குள் போகும் டவுன் பஸ்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றான். "இத்தன வருசம் கேக்கல."

"கேளு."

"அந்த நாலு நாள் நீ என்ன பண்ணிகினு இருந்த?"

சொல்வதற்கு நல்லதாக ஏதாவது இருக்கிறதா என்று மனதுக்குள் தேடினேன். தூங்கவில்லை, சாப்பிடவில்லை, மலைப்படி ஏறி இறங்கினேன், உன் வீட்டுக்கு வரக் கிளம்பிப் பாதியில் திரும்பினேன் என்று சொல்லலாம். அதில் ஒன்றும் நடக்கவில்லை.

"வேலைக்கு வந்தேன்" என்றேன். "வேளாவேளைக்குச் சாப்டேன். உன் எடத்துக்குப் புதுசா வந்த ஆளுக்குப் பசை பதம் சொல்லிக் குடுத்தேன். நாலாம் நாள் சரோஜாவ கூட்டிகினு கல்யாணத்துக்குப் போய் வந்தேன்."

அவன் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நகரி பஸ் வளைவில் தெரிந்தது.

"ஆங்" என்றான். "நீ ஏதாச்சும் பொய் சொல்லுவன்னு நெனச்சேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினான். ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்து, வண்டி கிளம்பும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.